முயலுக்கு நான்கே கால்: குரோஷா பொம்மை பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குரோஷா ஊசியால் பின்னும் சிறிய முயல் பொம்மை ஒன்றின் செய்முறையை இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை, அதாவது என் வீட்டைச் சுற்றியுள்ள வட்டாரத்திலிருந்தே வந்திருக்கின்றன. சிலர் கடிதத்தோடு நிற்காமல், தாங்கள் பின்னிய முயலையே பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது என் மேசைமீது ஐந்து முயல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு எலியைப் போலவும் ஒன்று கத்தரிக்காயைப் போலவும் இருக்கின்றன. அனுப்பியவர்கள் எல்லோரும் முகம் சரியாக அமையவில்லை என்று வருந்தியிருக்கிறார்கள். முகத்தில் குறை ஒன்றும் இல்லை. ஐந்திலும் கோளாறு முதல் மூன்று நான்கு சுற்றுகளிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே இந்த முறை கண், மூக்கு பற்றிக் குறைவாகவும், எண்ணிக்கை பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன். கீழே 'கண்ணி' என்று நான் குறிப்பிடுவது ஒரு சிங்கிள் குரோஷே பின்னலை, அதாவது குரோஷாவின் எளிய குட்டைப் பின்னலை.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பொம்மை பின்ன வேண்டும் என்று கேட்டதற்குத் தடித்த உல்லன் நூலையும், தையல் ஊசியைவிடச் சற்றே பெரிய எஃகு ஊசியையும் கொடுத்துவிட்டார்கள். ஊசியின் கொக்கியில் நூல் நிற்கவே இல்லை. எதை வாங்கியிருக்க வேண்டும்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உங்களிடம் இருப்பது லேஸ் பின்னும் ஊசி. கைக்குட்டை ஓரத்துக்கும் மேசை விரிப்புக்கும் மெல்லிய பருத்தி நூலில் பின்னுவதற்காகச் செய்யப்பட்ட அந்த எஃகு ஊசிகள் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திலேயே இருக்கும். அவற்றில் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதால், 'இன்னும் பெரிய நம்பர் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குபவர்கள் முன்னதைவிட மெல்லிய ஊசியோடு வீடு திரும்புவார்கள். எண்ணை விட்டுவிட்டு, கைப்பிடியில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள். முயலுக்கு 3 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி ஒன்று போதும். பன்னிரண்டு ஊசிகள் கொண்ட பெட்டியை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினாலும் வாங்க வேண்டாம். அதில் பத்து ஊசிகள் பெட்டியிலேயே கிடக்கும்.

நம் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் அன்று, அக்ரிலிக் நூல்தான். அதிலும் தவறில்லை, விலை குறைவு, நிறம் எளிதில் போகாது, துவைக்கலாம். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்க ஆரம்பித்துவிட்டால் அக்ரிலிக் நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். அந்த மாதங்களில் நான் பருத்தி நூலுக்கு மாறிவிடுவேன். எந்த நூலானாலும் நான்கு இழை கொண்ட, வழவழப்பான, வெளிர் நிறக் கண்டாக இருக்கட்டும். இந்த அளவு முயலுக்கு 50 கிராம் கண்டு ஒன்று போதுமானது. முயல் என்றதும் மயிர்மயிராக நிற்கும் நூலைத் தேடுவது இயல்புதான். ஆனால் அந்த நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். கறுப்பு நூலும் அப்படித்தான். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பு நூலைப் பின்னுவது கண்ணுக்கு நாமே தேடிக்கொள்ளும் தண்டனை.

இன்னொன்று, நூல்கண்டின் சீட்டில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று அச்சிட்டிருந்தாலும் பொம்மைக்கு 3 மில்லிமீட்டரே வேண்டும். சீட்டில் இருப்பது சால்வைக்கும் ஸ்வெட்டருக்குமான கணக்கு. துணி துவண்டு விழ வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது. பொம்மையில் பஞ்சு வெளியே தெரியக் கூடாது. பின்னிய துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து இலேசாக இழுத்துப் பாருங்கள். பின்னால் வைத்த விரலின் நிறம் தெரிந்தால் ஊசி பெரிது என்று பொருள். ஊசி வழுக்கிச் செல்வதற்காக அதைத் தலைமுடியில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளும் பழக்கம் தையல்காரர்களிடம் உண்டு, எனக்கும் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்த அன்று வெள்ளை முயலைப் பின்னும்போது மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

சென்ற இதழ் கிடைக்கவில்லை. செய்முறையை மீண்டும் தர முடியுமா?
– வாசகி, வியாசர்பாடி

தருகிறேன். தலையையும் உடலையும் தனித்தனியாகப் பின்னித் தைப்பதுதான் பலரின் வழக்கம். முதல்முறை பின்னுகிறவர்களுக்கு நான் ஒரே துண்டாகவே சொல்லித் தருகிறேன். கழுத்துத் தையல் பிரிந்து தலை தனியே வரும் துயரம் அதில் இல்லை.

உச்சந்தலையில் தொடங்குங்கள். வளையத்தில் 6 கண்ணி (வளையம் போடும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது). 2ஆம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 12. 3ஆம் சுற்றில் ஒரு கண்ணி சாதாரணமாகவும் அடுத்ததில் இரண்டுமாகப் பின்ன 18. 4ஆம் சுற்றில் இரண்டு சாதாரணம், அடுத்ததில் இரண்டு, ஆக 24. 5ஆம் சுற்றில் மூன்று சாதாரணம், அடுத்ததில் இரண்டு, ஆக 30. 6 முதல் 10 வரை ஐந்து சுற்றுகள் கூட்டாமல் குறைக்காமல் 30. 11ஆம் சுற்றில் மூன்று சாதாரணம், அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்று, ஆக 24. 12இல் இரண்டு சாதாரணம், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஆக 18. இது கழுத்து. 13ஆம் சுற்றையும் 18 ஆகவே பின்னிவிட்டுத் தலைக்குள் பஞ்சை அடையுங்கள். 14இல் மறுபடி 24 ஆக்குங்கள். 15 முதல் 20 வரை ஆறு சுற்றுகள் 24. 21இல் 18, அங்கே உடலுக்குப் பஞ்சு, 22இல் 12, 23இல் 6, பிறகு நூலை அறுத்து, மீதமுள்ள ஆறு கண்ணிகளிலும் கோத்து இழுத்து மூடுங்கள்.

காது ஒவ்வொன்றும் 6 கண்ணியில் தொடங்கி 9, 12 என்று கூடி, 4 முதல் 11 வரை எட்டுச் சுற்றுகள் 12 ஆகவே போய், 12ஆம் சுற்றில் 9 ஆகக் குறையும். காதில் பஞ்சு வேண்டாம். கைகளும் கால்களும் 6, பிறகு 9, பிறகு ஆறு சுற்றுகள் 9 ஆகவே. சிட்டிகை அளவு பஞ்சு போதும். காதோடு சேர்த்து முயல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும்.

இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் இடத்தில் ஓட்டை விழுகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் முன்னால் ஓர் இழை, பின்னால் ஓர் இழை உண்டு. குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை மட்டும் ஊசியில் எடுத்துப் பின்னினால் ஓட்டை விழாது. எந்த இடத்தில் குறைத்தீர்கள் என்பதை நீங்களே தேட வேண்டியிருக்கும்.

என் அப்பா காசிமேட்டில் வலை பின்னுகிறவர். நான் மேஜிக் ரிங் போட்டுத் தொடங்கிய முயலின் உச்சந்தலை இரண்டே நாளில் திறந்துகொண்டது. அதைப் பார்த்த அப்பா, 'முடிச்சே போடாமல் பின்னினால் எப்படி நிற்கும்?' என்று சிரிக்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, காசிமேடு

உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் வலையை விரித்து, கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னுகிறவர்களை நானும் நின்று பார்த்திருக்கிறேன். வலையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி முடிச்சு. ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் அசையாது. அறுந்த இடத்தை மட்டும் அடைத்துவிட்டு மறுநாள் கடலுக்குப் போகலாம். குரோஷாவில் முடிச்சு என்பதே இல்லை. முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரை ஒரே நூல், ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையமாக இழுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் தவறு நேர்ந்தால் நாம் நூலைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடி பின்ன முடிகிறது. உங்கள் அப்பாவால் அப்படி ஒரு முழுவலையைப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் ஒரு வசதி, ஒரு சங்கடம்.

மேஜிக் ரிங் என்பது விரலில் நூலைச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள் ஆறு கண்ணிகளைப் பின்னி, நூலின் வால் நுனியை இழுத்து நடு ஓட்டையை மூடும் முறை. மூடிய பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருப்பது உராய்வு மட்டுமே. வாலை ஓர் அங்குலத்தில் வெட்டிவிட்டுப் பஞ்சை அடைத்தால், பஞ்சு உள்ளிருந்து தள்ளித் தள்ளி ஓட்டை திறந்துகொள்ளும்; வழுக்கும் நூலானால் இன்னும் விரைவாகத் திறக்கும். எனவே வாலை ஒரு சாண் நீளம் விடுங்கள். நான்கைந்து சுற்றுகள் ஆனதும் வாலை மொட்டை ஊசியில் கோத்து, உள்பக்கத்தில் அந்த ஆறு கண்ணிகளின் அடியிலும் இரண்டு முறை சுற்றிவந்து, பிறகு எதிர்த்திசையில் ஒரு முறை திரும்பி, அதன் பின்னர் ஒரு முடிச்சும் போட்டுவிடுங்கள். அந்த ஒரு முடிச்சை உங்கள் அப்பாவையே போடச் சொல்லலாம், அவர் போட்டது அவிழாது.

மேஜிக் ரிங் கைக்கு வரவே இல்லையென்றால், இரண்டு சங்கிலி பின்னி, ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலிக்குள் ஆறு கண்ணிகளையும் பின்னித் தொடங்கலாம். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை நிற்கும். முயலின் உச்சியில் இரண்டு காதுகளுக்கு நடுவே அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்திக்காகப் பின்னுகிறேன். தலையின் தொடக்கம் ஒருமுறை கூம்பாகவும் மறுமுறை சுட்ட அப்பளம்போல நெளிந்தும் வருகிறது. சுற்றுக்கு 6 மட்டும் கூட்ட வேண்டும் என்கிறீர்கள். 5 அல்லது 8 கூட்டினால் என்ன? காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.
– வாசகர், பெரம்பூர்

ஐயா, இந்தக் கேள்விக்காகவே ஒரு தனிப் பக்கம் கேட்டேன், ஆசிரியர் தரவில்லை. இருக்கும் இடத்தில் சொல்கிறேன்.

வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல 6.28 மடங்கு என்பது உங்களுக்குத் தெரியும். நாம் ஒரு சுற்றுப் பின்னும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. அப்படியானால் சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூட வேண்டும். சிங்கிள் குரோஷே கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். எனவே புதிதாக வந்த சுற்றளவை நிரப்பச் சுமார் ஆறு கண்ணிகள் தேவை. ஐந்து மட்டும் கூட்டினால் ஓரம் பற்றாமல் உள்நோக்கி இழுத்துக் கூம்பாகிவிடும். எட்டுக் கூட்டினால் ஓரம் மிகுந்து, போக இடமில்லாமல் நெளியும். உங்கள் அப்பளம் அதுதான். கண்ணி இதைவிட உயரமான பின்னல்களில் இந்தக் கணக்கு மாறும். டபுள் குரோஷேயில் வட்டம் பின்னுகிறவர்கள் 12 கண்ணியில் தொடங்குவது அதனால்தான்.

தாங்கள் ஆறுதான் கூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பொட்டலத்தில் வந்த துண்டை விளக்கடியில் வைத்து எண்ணிப் பார்த்தேன். 4ஆம் சுற்றில் 24 இருக்க வேண்டிய இடத்தில் 22. 5ஆம் சுற்றில் 27. சுற்றின் முதல் கண்ணி சற்றே பின்னால் ஒளிந்துகொள்ளும், புதியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பது வாய்ப்பேச்சில் செல்லும். இங்கே சுற்றுக்குச் சுற்று எண்ணாமல் 'சரியாகத்தான் இருக்கும்' என்று போனால், ஆறாவது சுற்றில் முயலே அதை ஊருக்குக் காட்டிவிடும்.

ஒரு நுணுக்கத்தையும் தங்களுக்குச் சொல்ல வேண்டும். கூட்டல்கள் எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் தலை உருண்டையாக இல்லாமல் ஆறு மூலை கொண்ட நட்டு மாதிரி வரும். அதைத் தவிர்க்க, 4ஆம் சுற்றில் 'இரண்டு சாதாரணம், ஒரு கூட்டல்' என்பதற்குப் பதிலாக 'ஒன்று சாதாரணம், ஒரு கூட்டல், ஒன்று சாதாரணம்' என்று ஆறு முறை பின்னுங்கள். எண்ணிக்கை அதே 24. மூலைகள் மட்டும் இடம் மாறி மறைந்துவிடும்.

தினமும் விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வேலைக்குப் போகிறேன். உட்கார இடம் கிடைத்ததும் பின்ன ஆரம்பிப்பேன். காலடிப்பேட்டைக்கும் டோல்கேட்டுக்கும் நடுவில் எப்படியோ எண்ணிக்கை தொலைந்துவிடுகிறது. வழி உண்டா?
– வாசகி, திருவொற்றியூர்

உண்டு. இந்தப் பொம்மையைச் சுற்றுக்குச் சுற்று மூடாமல், நத்தை ஓட்டைப் போலத் தொடர்ச்சியாகப் பின்னுகிறோம். ஒரு சுற்று எங்கே முடிந்தது என்று நூல் தானாகச் சொல்லாது. எனவே ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஓர் அடையாளம் மாட்டுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளையம் வேண்டியதில்லை. வேறு நிற நூல் ஒரு விரல் நீளத்துக்குப் போதும். சுற்று முடிந்து அடையாளம் வரை வந்ததும் அதை எடுத்து, புதிய சுற்றின் முதல் கண்ணியில் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் அந்தச் சுற்றை எண்ணிவிடுங்கள். ரயிலில் கூட்டலும் குறைத்தலும் உள்ள சுற்றுகளை விட்டுவிட்டு, 30 ஆகவே போகும் அந்த ஐந்து சுற்றுகளையோ காதின் எட்டுச் சுற்றுகளையோ வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். நானாக இருந்தால் கூட்டம் ஏறியதும் ஊசியைப் பைக்குள் வைத்துவிடுவேன், நெரிசலில் அது பக்கத்தில் இருப்பவரைக் குத்திவிடக்கூடும்.

அமிகுருமி என்று தேடிப் பார்த்த ஒரு வெளிநாட்டுச் செய்முறையில் 'டபுள் குரோஷே' என்று இருந்தது. அப்படியே பின்னினேன். முயல் சல்லடையாக வந்திருக்கிறது.
– வாசகி, எண்ணூர்

அமிகுருமி என்பது ஜப்பானியச் சொல். பின்னிப் பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும். நீங்கள் பார்த்தது இங்கிலாந்து வழக்கில் எழுதிய செய்முறை. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை ஆங்கிலேயர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்கர்களின் டபுள் அவர்களுக்கு டிரெபிள். ஒரு செய்முறையில் சிங்கிள் குரோஷே என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க வழக்கு. இங்கே கற்றுத் தருகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க வழக்கையே பின்பற்றுகிறார்கள், நானும் அதையே எழுதுகிறேன்.

எனக்கு இடக்கைப் பழக்கம். காணொளியைப் பார்த்துப் பின்னினால் எல்லாம் தலைகீழாகிறது.
– வாசகி, ராயபுரம்

வலக்கைக்காரர் எதிரே கண்ணாடியை வைத்தால் தெரியும் பிம்பம் எதுவோ, அதுதான் உங்கள் முறை. நீங்கள் சுற்றும் திசை மாறும், எண்ணிக்கை மாறாது. உங்கள் முயல் எந்த வகையிலும் குறைந்ததாக இராது.

காதுகள் நிற்கவே இல்லை. ஒன்று முன்னால் விழுகிறது, ஒன்று பின்னால் மடங்குகிறது. கம்பி வைக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

கம்பி வேண்டவே வேண்டாம். குழந்தை ஒரு நாள் கடித்து இழுத்தால் கம்பி நுனி வெளியே வரும்.

காது விழுவதற்குக் காரணம், அதை ஒற்றைக் கோட்டில் தைப்பது. தட்டையான காதின் அடியை ஒரே வரிசையில் தலையோடு சேர்த்தால் அந்தக் கோடு கதவுக் கீலைப்போல வேலை செய்யும். காது இரு பக்கமும் ஆடும். முதலில் காதை உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தட்டையாக்குங்கள். பிறகு அதன் அடிப்பகுதியை மட்டும், வெற்றிலையை மடிப்பதுபோல நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்பு பிரியாமல் இரண்டு தையல் போடுங்கள். இப்போது காதின் அடி ஒரு கோடாக இல்லாமல் சிறிய பிறை வடிவில் இருக்கும். அந்தப் பிறையின் உள்விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை, வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு வரிசை என்று இரண்டு முறை தலையோடு தைத்தால் காது தானாக நிமிர்ந்து நிற்கும். தொங்கும் காதுதான் அழகு என்று நினைப்பவர்கள் ஒற்றை வரிசையிலேயே தைத்து விட்டுவிடலாம்.

எங்கே தைப்பது என்பதுதான் எலிக்கும் முயலுக்கும் உள்ள வேறுபாடு. எனக்கு வந்த இரண்டு எலிகளிலும் காதுகள் தலையின் பக்கவாட்டில், ஏழாவது எட்டாவது சுற்றில் தைக்கப்பட்டிருந்தன. முயலுக்குக் காது உச்சியில் இருக்க வேண்டும்: மேலிருந்து எண்ணி 3ஆம் சுற்றுக்கும் 4ஆம் சுற்றுக்கும் இடையில், இரண்டு காதுகளுக்கு நடுவே மூன்று கண்ணி இடம் விட்டு. அவசரப்பட்டுத் தைத்துவிடாமல், குண்டூசியால் குத்தி வைத்துவிட்டு, பொம்மையைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். நான் ஓர் இரவு முழுக்க அப்படியே வைத்துவிட்டுக் காலையில் மறுபடி பார்ப்பேன். மாலையில் சரியாகத் தெரிந்தது காலையில் கோணலாகத் தெரிவது பலமுறை நடந்திருக்கிறது.

எத்தனை குண்டூசி குத்தினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எடுத்த பிறகு அத்தனையும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த ஐந்து முயல்களில் ஒன்றின் இடக்காதின் அடியில் ஒரு குண்டூசி தலைவரை பஞ்சில் புதைந்திருந்தது. அனுப்பியவருக்குத் தனியே எழுதிவிட்டேன்.

வீட்டில் பழைய இலவம் பஞ்சுத் தலையணை இருக்கிறது. அந்தப் பஞ்சையே அடைக்கலாமா? பாலியெஸ்டர் பஞ்சு வாங்குவது வீண் செலவாகத் தோன்றுகிறது.
– வாசகி, கொருக்குப்பேட்டை

தலையணைக்கு இலவம் பஞ்சுக்கு மேல் ஒன்று இல்லை என்பதே என் கட்சி. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பஞ்சை எங்கள் வீட்டு மாடியில் வெயிலில் கொட்டி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அம்மா தட்டியது இன்றும் கண்முன் நிற்கிறது. ஆனால் பின்னிய பொம்மைக்கு அது ஒத்துவராது. இலவம் பஞ்சின் இழை குட்டையானது, வழுக்குவது, ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளாது. தலையணை உறையின் நெருங்கிய நெசவு அதை அடக்கி வைக்கும். நம் கண்ணிகளின் இடைவெளி வழியே அது நாளுக்குக் கொஞ்சமாக வெளியேறும், குழந்தையின் மூக்கிலும் ஏறும்.

நான் பின்னிய முதல் முயலில் இதைத்தான் அடைத்தேன். பள்ளியில் கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்ட கையோடு, அக்காள் மகளுக்காகப் பின்னியது. கார்த்திகை மாத அடைமழையில் அவள் அதைச் சாம்பார்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட, நான் துவைத்து மாடிக் கொடியில் காதைக் கட்டித் தொங்கவிட்டேன். நான்கு நாள் வெயில் இல்லை. வெளியே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தது. உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகி, ஒரு வாரத்தில் புளித்த மாவின் வாடை அடித்தது. வயிற்றைப் பிரித்துப் பார்த்தபோது விதையைச் சுற்றிப் பஞ்சு கறுத்துப்போயிருந்தது.

பாலியெஸ்டர் பஞ்சு வாங்குவதற்குக் கால் கிலோகூட வேண்டாம். ஒரு முயலுக்கு இரண்டு கைப்பிடி போதும். மெத்தை தைக்கும் கடைகளில் ரெக்ரான் பஞ்சு என்று கேட்டால் கொஞ்சமாக நிறுத்துக் கொடுப்பார்கள். பழைய பாலியெஸ்டர் தலையணை இருந்தால் அதைப் பிரித்து, பஞ்சைத் துவைத்து வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. தையற்கடையின் துணித்துண்டுகளை அடைத்தால் முயல் கனத்துப்போய்ச் செங்கல்லைப் போலிருக்கும். எறிந்து விளையாடும் குழந்தை உள்ள வீட்டில் அது ஆபத்தும்கூட. பஞ்சை ஒரே உருண்டையாகத் திணிக்காமல், விரலால் பிய்த்துப் பிய்த்து, முதலில் ஓரங்களையும் கழுத்தையும் நிரப்பி, கடைசியில் நடுவை நிரப்புங்கள். கழுத்தில் குறைத்தால் தலை தொங்கிவிடும். கத்தரிக்காய் முயலுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது: வயிற்றில் அளவுக்கு மீறி அடைத்ததால் கண்ணிகள் விரிந்து பஞ்சு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிறது.

எட்டு மாதக் குழந்தைக்குப் பரிசளிக்க வேண்டும். பின்னால் வாஷர் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் கண்களுக்குப் பாதுகாப்புக் கண் என்றுதானே பெயர்? அவற்றை வைக்கலாம் அல்லவா?
– வாசகி, மணலி

கூடாது. வாஷர் கழன்று வராது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் பின்னல் இழுத்தால் விரியும், கண் வாஷரோடு வெளியே வந்துவிடும். மூன்று வயது நிறையாத குழந்தைக்குக் கண்ணையும் மூக்கையும் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். மணி, பொத்தான், கழுத்தில் கட்டும் நீள ரிப்பன் எதுவும் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் பஞ்சு பொம்மையை வைக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் தரும் அறிவுரை. ஆகவே விழித்திருக்கும்போது விளையாட மட்டும் கொடுங்கள். கண்களை 8ஆம் சுற்றில், இடையே ஆறு கண்ணி விட்டுத் தைத்தால் முகம் குழந்தைத்தனமாக அமையும். மேலே ஏற்றினால் முயல் பெரிய மனுஷியைப் போல முறைக்கும்.

பத்து முயல்கள் பின்னிவிட்டேன். தெரிந்தவர்கள் ரூபாய் 100க்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?
– வாசகி, புளியந்தோப்பு

நூலும் பஞ்சும் போக, ஒரு முயலுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழகிய என் கைக்கே ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. 100 ரூபாயில் பொருள் செலவைக் கழித்து மீதியை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அந்தக் கூலிக்கு வேறு யாராவது உங்களிடம் வேலை சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? தெரிந்தவர்கள் என்பதற்காகக் குறைப்பதானால் ஒருவருக்கு இலவசமாகவே கொடுத்துவிடுங்கள், விலையைக் குறைக்காதீர்கள்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருள்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. உறவினர்களுக்குக் கொடுப்பதைத் தாண்டித் தொழிலாக நடத்த எண்ணினால் முதலில் அந்தப் பதிவைச் செய்துகொள்ளுங்கள்.

தப்பாக வந்த முயலைப் பிரித்தால் நூல் சுருள்சுருளாக இருக்கிறது. தூக்கிப் போடத்தான் வேண்டுமா?
– வாசகி, கொளத்தூர்

வேண்டாம். நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் வேறு நூலால் தளர்வாகக் கட்டிக் கழற்றுங்கள். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் ஒரு துண்டில் ஒற்றியெடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். கீழ்முனையில் ஒரு கரண்டியைக் கட்டினால் சுருள் நீங்கிவிடும். நன்றாக உலர்ந்த பிறகு உருண்டையாகச் சுற்றும்போது இறுக்கிச் சுற்றாதீர்கள். அந்த நூலில் முதலில் காதுகளைப் பின்னுங்கள், தலையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.